பெயர் ஒன்று, எழுத்து வேறு: வடசென்னை டிடிபி கடைகள் கோப்பு வடிவக் கையேடு தொகுத்த நிகழ்வு

பின்னணி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டிடிபி (கணினியில் தட்டச்சும் பக்க அமைப்பும் செய்யும்) கடை, ராயபுரம் கல்மண்டபம் பக்கம் இன்னொன்று, மண்ணடியில் ஒரு ஆஃப்செட் அச்சகம், வியாசர்பாடியில் பேனரும் போஸ்டரும் போடும் ஒரு கடை. நான்குக்கும் முதலாளிகள் வேறு வேறு. ஆனால் வேலை ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்வந்துகொண்டே இருக்கும். வண்ணாரப்பேட்டையில் டைப் ஆகும், ராயபுரத்தில் லேஅவுட் ஆகும், மண்ணடியில் பிளேட் போட்டு அச்சாகும். ஒரு கடையில் திறக்காத கோப்பை அடுத்த கடைக்கு அனுப்பிப் பார்ப்பதும் வழக்கம்.

இந்தக் கடைகளின் வேலையில் கணிசமான பங்கு மறுபதிப்பு. கும்பாபிஷேக மலர், சர்ச் ஆண்டுவிழா மலர், பள்ளி மலர், சங்க விதிமுறைப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று பத்து, இருபது வருடத்துக்கு முன் செய்ததை எடுத்துவந்து, "அதே மாதிரி போட்டுக் குடுங்க, பேரும் தேதியும் மட்டும் மாத்தணும்" என்பார்கள். கொண்டுவருவது சிடி, பென்டிரைவ், எப்போதாவது ஃபிளாப்பி. உள்ளே இருப்பவை பெரும்பாலும் பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 6.5, பேஜ்மேக்கர் 7, படம் வரையும் மென்பொருளான கோரல்டிராவின் ஏதோ ஒரு பதிப்பு, பழைய வேர்டு ஆகியவற்றில் செய்த கோப்புகள்.

இவற்றில் தமிழ், இன்றைய பொதுக் குறியேற்றமான (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு) யூனிகோடில் இருப்பது அபூர்வம். பாமினி, டேப், டாம், டிஸ்கி என்ற பழைய குறியேற்றங்கள், அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்கு வைத்துக்கொண்ட தனி அமைப்பு. இவற்றுள் பலவற்றில் கோப்புக்குள் தமிழே கிடையாது. பாமினியில் "அம்மா" என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். அந்த இடங்களில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துரு. எழுத்துரு மாறினால் சொல் மாறும். இந்த நிகழ்வு முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

கையேட்டுக்கு முன் இருந்த ஏற்பாடு

நான்கு கடைகளிலும் குறிப்புகள் இல்லாமல் இல்லை. ஒரு கடையில் பில் புத்தகத்தின் பின்பக்கம், இன்னொன்றில் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய சீட்டு, மற்றதில் வாட்ஸ்அப் குரல்பதிவுகள். ராயபுரம் கடையில் வெகுநாள் வேலை பார்த்த ஆபரேட்டர் அக்காவின் நினைவுதான் நால்வருக்கும் கடைசிப் புகலிடம். யார் கேட்டாலும் அவர் போனிலேயே பதில் சொல்லிவிடுவார்.

இந்தக் குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒரே நீட்சிக்கு (கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப்பின் வரும் எழுத்துகளுக்கு) மூன்று வெவ்வேறு பதில்கள் இருந்தன. கோரல்டிரா கோப்பின் நீட்சி சிடிஆர். "சிடிஆர்: பழைய மெஷின்ல தொற" என்று ஒரு சீட்டு. "சிடிஆர்: புதுசுல தொறக்கும், கவலை இல்ல" என்று மற்றொன்று. எழுதியவர்கள் எழுதிய நேரத்தில் இரண்டுமே சரி. அவர்கள் கையில் இருந்த கோப்புகள்தான் வேறு வேறு பதிப்பைச் சேர்ந்தவை. அதை இரண்டு சீட்டும் சொல்லவில்லை.

தூண்டிய சம்பவம்

2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு சர்ச் பங்கின் ஆண்டுவிழா மலர் மறுபதிப்புக்கு வந்தது. முதலில் அச்சானது 2003-இல். பேஜ்மேக்கர் கோப்பு சிடியில் பத்திரமாக இருந்தது. வண்ணாரப்பேட்டைக் கடையில் திறந்தார்கள். எழுத்துரு இல்லையென்றால் பேஜ்மேக்கர் பனோஸ் என்ற மாற்று எழுத்துருப் பெட்டியைக் காட்டும். அது வரவில்லை. பக்கங்கள் அப்படியே தெரிந்தன. முதல் பக்கங்களைப் படித்துப் பார்த்துவிட்டு பிடிஎஃப் எடுத்து மண்ணடிக்கு அனுப்பினார்கள். அங்கே பாரம் (பல பக்கங்கள் சேர்த்து அச்சிடும் பெரிய தாள்) ஓடி முடிந்தது.

பைண்டிங்குக்கு முன்பு பங்கிலிருந்து வந்த ஒருவர் நன்கொடையாளர் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார். "தாமஸ்" எல்லாம் "தாமஷ்" என்று இருந்தது. "ஸ்டீபன்" இருந்த இடத்தில் "ஷ்டீபன்". "ரோஸி", "ரோஷி" ஆகியிருந்தாள். பட்டியல் முழுக்க ஸகரமும் ஷகரமும் இடம் மாறிக் கிடந்தன. ஜெபங்களும் பாடல்களும் இருந்த முன்பக்கங்களில் இந்த இரண்டு எழுத்துகளும் மிகக் குறைவு. அதனால் அங்கே பார்த்தவர் கண்ணில் எதுவும் படவில்லை. பெயர்ப் பட்டியல் இருந்த பாரங்கள் முழுவதும் மறுபடி அச்சிடப்பட்டன. காகிதமும் பிளேட்டும் வீண். செலவை மூன்று கடைகள் பகிர்ந்துகொண்டன.

கோப்பைத் திறந்த இளைஞரிடம் மண்ணடி முதலாளி கேட்டதற்கு அவர் சொன்னது: "ஃபான்ட் மிஸ்ஸிங்னு கேக்கவே இல்லண்ணே. நேரா தொறந்துச்சு. நான் எப்டிண்ணே சந்தேகப்படுவேன்?"

நியாயமான கேள்வி. அவருடைய கணினியிலும் அதே பெயருள்ள எழுத்துரு இருந்தது. விண்டோஸில் எழுத்துருக் கோப்பை இரட்டை கிளிக் செய்தால் மேலே பதிப்பு எண் தெரியும். பார்த்தபோது 2003-இல் பயன்படுத்தியதும் இதுவும் வேறு பதிப்புகள். இரண்டுக்கும் நடுவில் எழுத்துரு நிறுவனம் கிரந்த எழுத்துகளின் இருப்பிடத்தை மாற்றியிருந்தது. பேஜ்மேக்கர் பெயரை மட்டுமே ஒப்பிடும். பெயர் பொருந்தியதால் அது மௌனமாக இருந்துவிட்டது.

ஆய்வில் தெரிந்தவை

நான்கு கடைக்காரர்களும், கணினிப் பழுது பார்க்கும் ஒருவரும், கொருக்குப்பேட்டையில் ஒரு சிறு நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பொதுவாக ஒரு கையேடு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. என்ன வகையான கையேடு என்பதில்தான் பேச்சு நீண்டது. முதல் யோசனை, நீட்சிகளை அகரவரிசையில் எழுதி எதிரே மென்பொருளைப் போடுவது. அதை வைத்து கைவசம் இருந்த பழைய கோப்புகளை ஓட்டிப் பார்த்ததும் அந்த யோசனை கைவிடப்பட்டது. காரணங்கள் இவை.

டாக் என்ற நீட்சியோடு வந்தவற்றில் சில வேர்டு கோப்புகளே அல்ல. ஒன்றின் தொடக்கத்தில் நெளி அடைப்புக்குறி, பின்சாய்வு, ஆர்டிஎஃப் என்று இருந்தது. அது ரிச் டெக்ஸ்ட். மற்றொன்று வெறும் எச்டிஎம்எல். யாரோ பெயரை மட்டும் மாற்றிச் சேமித்திருக்கிறார்கள்.

கோப்பின் முதல் பைட்டுகளை, அதாவது கோப்பு எண்களாகச் சேமிக்கப்படும் சிறு அலகுகளை, பார்ப்பது நீட்சியைவிட நம்பகமானது. அதுவும் முழுத் தீர்வு ஆகாது. வேர்டு 97 முதல் 2003 வரையிலான கோப்பு டி0 சிஎஃப் 11 இ0 ஏ1 பி1 1ஏ இ1 என்ற எட்டு பைட்டுகளோடு தொடங்கும். அதே காலத்து எக்செல், பவர்பாயின்ட் கோப்புகளும் அப்படியே தொடங்கும். பேஜ்மேக்கர் 6.5, 7 கோப்புகளும் அதே உறைக்குள்தான் (உள்ளடக்கத்தைச் சுற்றியிருக்கும் கோப்பு அமைப்புக்குள்) இருக்கின்றன. பிரித்தறிய உள்ளே பார்க்க வேண்டும். 7-ஜிப் கொண்டு அந்தக் கோப்பைத் திறந்தால் உள்ளிருக்கும் ஓடைகளின் (உள் பகுதிகளின்) பெயர்ப்பட்டியல் வரும். வேர்டுடாக்குமென்ட், வொர்க்புக், பேஜ்மேக்கர் என்ற பெயர்களில் எது இருக்கிறதோ அதுவே கோப்பின் இனம்.

கோரல்டிராவில் இன்னொரு சிக்கல். பதிப்பு 3 முதல் 13 வரை சிடிஆர் கோப்பு ரிஃப் என்ற நான்கு எழுத்துகளோடு தொடங்கும். வேவ் ஒலிக்கோப்பு, ஏவிஐ, வெப்பி படம் ஆகியவையும் ரிஃப்தான். எனவே ஒன்பதாவது பைட்டிலிருந்து படிக்க வேண்டும். அங்கே சிடிஆர் என்றும், அதையடுத்துப் பதிப்பைச் சொல்லும் ஒரு குறியும் இருக்கும். 9 என்றால் பதிப்பு 9, ஏ என்றால் 10, பி என்றால் 11, சி என்றால் 12, டி என்றால் எக்ஸ்3 எனப்படும் 13. எக்ஸ்4-இலிருந்து கோப்பே ஜிப் உறைக்கு மாறிவிட்டது. முதல் இரண்டு எழுத்து பி, கே. டாக்எக்ஸ் கோப்பும் அதே பி, கே. நீட்சி தொலைந்த ஒரு எக்ஸ்5 கோப்பை ஒரு கடையில் "ஜிப் கரப்ட்" என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது நல்ல நிலையில் இருந்தது.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான கண்டறிதல். கோப்பு வடிவம் சரியாகத் தெரிந்து, சரியான மென்பொருளில் திறந்துவிட்டாலும் தமிழ் சரியாக வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மலர் விஷயத்தில் பேஜ்மேக்கர் கோப்பை அடையாளம் காண்பதில் எந்தத் தவறும் நடக்கவில்லை. உறையும் உள்ளே உள்ள எழுத்துக் குறியேற்றமும் இரண்டு தனிக் கேள்விகள். இரண்டையும் ஒரே வரியில் எழுதும் எந்தப் பட்டியலும் இந்தக் கடைகளுக்கு உதவாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, இரண்டு அட்டவணைகள். ஒன்றில் உறைகள், மற்றதில் எழுத்துருக் குறியேற்றங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு எண்ணை எடுத்து வேலைச் சீட்டில் எழுத வேண்டும். "உ-7, எ-12" என்று எழுதினால் மற்ற மூன்று கடைகளிலும் ஒரே பொருள்.

உறை அட்டவணையில் எட்டு கட்டங்கள்: எண், வழக்குப் பெயர், வழக்கமான நீட்சி, முதல் 16 பைட்டுகள், பதிப்பை எங்கே பார்ப்பது, எந்தக் கடையின் எந்தக் கணினியில் திறக்கும், திறந்தால் எது கெடும், யார் எந்த மாதிரிக் கோப்பை வைத்து எப்போது சரிபார்த்தார். "திறந்தால் எது கெடும்" என்ற கட்டத்துக்காக நூலகப் பொறுப்பாளர் பிடிவாதமாக வாதாடினார். அவர் சொன்னது சரி. லிப்ரே ஆபீஸ் பேஜ்மேக்கரையும் சிடிஆரையும் திறக்கும் என்பது உண்மை. ஆனால் வரி முறிவும் இடைவெளியும் மாறிவிடும். உள்ளடக்கத்தை எடுக்க அது போதும், அச்சுக்குப் போகப் போதாது. "திறக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த மலரும் கெட்டிருக்கும்.

வெளியே இருக்கும் பதிவேடுகளில் பிரிட்டன் தேசிய ஆவணக்காப்பகத்தின் ப்ரோனம் முக்கியமானது. ஒவ்வொரு வடிவத்துக்கும் அதில் மாறாத எண் உண்டு. பிடிஎஃப் 1.4-க்கு எஃப்எம்டி/18, வேர்டு 97 முதல் 2003 வரைக்கு எஃப்எம்டி/40. அதே நிறுவனத்தின் டிராய்டு என்ற இலவச மென்பொருள் ஒரு கோப்புறை முழுவதையும் சோதித்து இந்த எண்களைக் கொடுத்துவிடும். ப்ரோனம் எண் இருக்கும் இடத்தில் அதையும் பக்கத்தில் எழுதுவது என்று முடிவானது. கடை எண் மாறினாலும் அந்த எண் மாறாது. எழுத்துருக் குறியேற்றம் பற்றி டிராய்டு எதுவும் சொல்லாது என்பதால் இரண்டாம் அட்டவணையை முழுவதும் தாங்களே உருவாக்க வேண்டியிருந்தது.

அங்கேதான் சோதனைத் தாள் வந்தது. 247 தமிழ் எழுத்துகள், ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைகளும் ஸ்ரீயும் சேர்த்து 66, ஆக 313. அதோடு எண்கள், மேற்கோள் குறிகள், ரூபாய்க்குப் போடும் "ரூ", அடைப்புக்குறிகள். கடைகளில் உள்ள ஒவ்வொரு எழுத்துருவின் ஒவ்வொரு பதிப்பிலும் 32 முதல் 255 வரையிலான இடங்கள் அனைத்தையும் கட்டம் போட்டு அச்சிட்டார்கள். எந்த எண்ணில் எந்த வடிவம் என்று அதில் நேராகத் தெரியும். பிறகு அந்தக் கட்டங்களை வைத்து 313 எழுத்துகளும் வருகின்றனவா என்று டிக் அடித்தார்கள். இரண்டு பதிப்புகளின் தாள்களை மேலே கீழே வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் இடம் மாறிய எழுத்து உடனே கண்ணில் படும். மலரைக் கெடுத்த எழுத்துருவில் ஸகரமும் ஷகரமும் மட்டும் அல்ல, "க்ஷ" உட்பட இன்னும் சில இடங்களும் மாறியிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

எழுத்துருக் கோப்புகளையே நால்வரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒருவர் சொன்னதை ஏற்கவில்லை. அவை விலைக்கு வாங்கியவை, உரிமம் ஒரு கடைக்கு உரியது. கையேட்டில் எழுத்துருவின் பெயர், பதிப்பு எண், கோப்பின் ஷா-256 கூட்டுத்தொகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்), சோதனைத் தாள் ஆகியவை மட்டும் இருக்கும். 7-ஜிப் வைத்திருந்தால் வலது கிளிக்கிலேயே கூட்டுத்தொகை கிடைத்துவிடும். இரண்டு கடைகளில் இருப்பது ஒரே கோப்பா என்று அறிய, கோப்பைக் கை மாற்றத் தேவையில்லை.

மாதிரிக் கோப்புகளுக்கும் இதே கவனம். வாடிக்கையாளர் பத்திரிகைகளில் வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் இருக்கும். அவற்றை மாதிரியாக வைக்கக் கூடாது. சோதனைத் தாளின் வாசகத்தையே ஒவ்வொரு மென்பொருளிலும் புதிதாக அடித்துச் சேமித்து மாதிரி ஆக்கினார்கள்.

எங்கே வைப்பது என்பது அடுத்து. இணையத்தில் பகிர்ந்த விரிதாள் ஒன்று, அதன் அச்சுப்படி ஒவ்வொரு கடையிலும் ஒரு கோப்புறையில். அச்சுப்படி எதற்கு என்று கேட்டவர்களுக்குக் காரணம் எளிது. பழைய மென்பொருள் ஓடும் விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளை இணையத்தில் இணைக்கக் கூடாது. அந்தக் கணினி முன் உட்காருபவருக்குக் கையில் தாள் வேண்டும். ஒவ்வொரு தாளின் அடியிலும் அச்சிட்ட தேதி இருக்க வேண்டும். புதிய தாள் வந்ததும் பழையதைக் கிழித்துவிட வேண்டும்.

ஒவ்வொரு பதிவுக்கும் "சரிபார்த்தது" அல்லது "கேள்விப்பட்டது" என்று குறி. மாதிரிக் கோப்பு இல்லாமல் எதுவும் "சரிபார்த்தது" ஆகாது. இதில் விதிவிலக்கு கிடையாது, ராயபுரம் அக்கா சொன்னதாக இருந்தாலும். அவரே இதை ஒப்புக்கொண்டார்: "நான் சொல்றது பத்து வருசம் முன்னாடி பாத்தது தம்பி. ஒருவாட்டி தொறந்து பாத்துட்டு எழுதிக்கோங்க."

கோப்பு கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய வரிசையும் முதல் பக்கத்தில் இடம்பெற்றது. மூலத்தைத் திறக்காமல் முதலில் நகல் எடுக்க வேண்டும். மூன்றரை அங்குல ஃபிளாப்பியில் ஓரத்துத் துளை திறந்திருக்கும்படி தாழ்ப்பைத் தள்ளினால் அதன்மேல் எதுவும் எழுதப்படாது. பிறகு எச்எக்ஸ்டி போன்ற, கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் முதல் 16 பைட்டுகள், டிராய்டு, உறை எண், பிறகு எழுத்துருவின் பெயரும் பதிப்பும், சோதனைத் தாளோடு ஒப்பீடு. சரிபார்க்கும் பக்கமாக முதல் பக்கத்தை எடுக்கக் கூடாது. பெயர்ப் பட்டியல், முகவரி, கிரந்தம் மிகுந்த பக்கம் எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும். புதிய பதிப்பில் திறந்தால் மூலப் பெயரிலேயே சேமிக்கக் கூடாது. கோரல்டிராவில் புதிய பதிப்பாகச் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது.

முதல் மாதங்களில் கெட்டவை

விரிதாளே முதல் தொல்லையாக இருந்தது. பிஎன்ஜி படத்தின் முதல் நான்கு பைட்டுகளை இடைவெளி இல்லாமல் 89504இ47 என்று ஒருவர் அடித்தார். நடுவில் உள்ள ஆங்கில இ எழுத்தை எக்செல் பத்தின் அடுக்காக எடுத்துக்கொண்டு, 8.95-ஐத் தொடர்ந்து பத்தின் 51-ஆம் அடுக்கு என்று மாற்றிவிட்டது. அடித்தது என்ன என்பது அதன்பின் மீளவில்லை. 00000018 என்று அடித்தது வெறும் 18 ஆனது. கட்டத்தை முதலில் டெக்ஸ்ட் என்று வடிவமைத்துவிட்டு, இரண்டிரண்டு குறிகளாக இடைவெளி விட்டு அடிப்பது என்று விதி வந்தது. விரிதாளை சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்து எக்செல்லில் இரட்டை கிளிக் செய்தபோது தமிழ் முழுவதும் குப்பையாக வந்தது வேறு கதை. யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) கோப்பின் முகப்பில் அதை அடையாளம் காட்டும் பிஓஎம் குறி இருந்தால் மட்டுமே எக்செல் அதைச் சரியாகப் படித்தது. ஏற்றுமதி விருப்பத்தில் அதைத் தேர்ந்தெடுப்பது வழக்கமானது.

அடுத்து, ஆர்வத்தில் ஒருவர் வெளிப் பதிவேடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான வடிவங்களைக் கொண்டுவந்து ஒட்டினார். நான்கு கடைகளில் எவரும் கண்ணால் பார்த்திராத வடிவங்கள் அவை. அச்சுப்படி தடித்துப்போனது, தேடுவதற்குப் பதில் மறுபடி போன் அடிக்கத் தொடங்கினார்கள். மாதிரி இல்லாதவை அனைத்தும் தனித்தாளுக்கு மாற்றப்பட்டு அச்சிலிருந்து நீக்கப்பட்டன. மீதம் இருந்தவை சில பக்கங்களில் அடங்கின. புழக்கம் அதன்பிறகுதான் வந்தது.

மூன்றாவது குழப்பம் விசைப்பலகை. "இது டைப்ரைட்டர் ஃபான்ட்", "இது தமிழ்99 ஃபைல்" என்று எழுத்துரு அட்டவணையில் பதிவுகள் விழுந்தன. தமிழ்99 என்பது 1999-இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அமைப்பு. எப்படித் தட்டினார்கள் என்பது கோப்பில் பதிவாவதில்லை, என்ன சேமிக்கப்பட்டது என்பது மட்டுமே பதிவாகும். தமிழ்99-இல் தட்டி டேப் ஆகவும் சேமிக்கலாம், யூனிகோடாகவும் சேமிக்கலாம். அந்தப் பதிவுகள் நீக்கப்பட்டன.

யூனிகோடுக்கு மாற்றுவதிலும் சில பாடங்கள் சேர்ந்தன. பழைய குறியேற்றங்களில் "கொ" என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று குறிகளாக இருக்கும். யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இதைச் சரியாகத் திருப்பிவிடும். ஆனால் மூலக் குறியேற்றத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் வரும். முழுவதும் குப்பையாக வந்தால் ஆபத்து இல்லை, உடனே தெரிந்துவிடும். ஏறக்குறையச் சரியாக வருவதுதான் அச்சு வரை போய்விடும். மாற்றியபின் ஸ்ரீ என்ற எழுத்தைத் தனியாகத் தேட வேண்டும் என்பதும் கையேட்டில் ஏறியது. ஸகரத்தோடும் எழுதலாம், ஶகரத்தோடும் எழுதலாம். திரையில் ஒரே மாதிரி தெரியும், தேடலில் அகப்படாது.

பயன் தெரிந்த இடங்கள்

இரவு எட்டு மணிக்கு மேல் வியாசர்பாடிக் கடைக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேலை வரும். விடிவதற்குள் ஒட்டியாக வேண்டும். படம் வாட்ஸ்அப்பில் வரும். ஒருமுறை ஜேபெக் என்ற நீட்சியோடு வந்த படத்தை ஃபோட்டோஷாப் திறக்க மறுத்தது. வீட்டார் அனுப்ப வேறு படம் இல்லை. கடைப் பையன் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தான். ஜேபெக் என்றால் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கியிருக்க வேண்டும். இங்கே ஐந்தாவது பைட்டிலிருந்து எஃப்டைப் என்றும், அடுத்து ஹைக் என்றும் இருந்தது. ஐபோன்கள் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் எடுக்கும் ஹைக் படம், நீட்சி மட்டும் வழியில் மாறியிருக்கிறது. அதற்கான பக்கத்தில் எந்தக் கணினியில் மாற்றலாம் என்று இருந்தது. போஸ்டர் நேரத்தில் போனது. இந்தப் பதிவு அதற்கு முந்தைய மாதம் ராயபுரத்தில் சரிபார்க்கப்பட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அதே வியாசர்பாடிக் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. மேசைக்கடியில் இருந்த எக்ஸ்பி கணினி மூழ்கியது. நனைந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருந்ததால் அப்படியே கழற்றி மீட்பு வேலை செய்பவரிடம் கொடுத்தார்கள். அவராலும் எதுவும் எடுக்க முடியவில்லை. பழைய தமிழ் மென்பொருளை இயக்க எல்பிடி போர்ட்டில் (பழைய பிரிண்டர் செருகுமிடத்தில்) செருகும் லாக் என்ற உரிமப் பூட்டு ஒன்று உண்டு. அதுவும் போய்விட்டது. அந்த மென்பொருள் இனி அங்கே ஓடாது.

ஆனால் எழுத்துரு நிறுவிய மூல சிடி முதலாளி வீட்டு மாடியில் இருந்தது. அதிலிருந்த எழுத்துருவின் கூட்டுத்தொகையைக் கையேட்டில் இருந்ததோடு ஒப்பிட்டார்கள், பொருந்தியது. கடையின் அச்சுப்படி கூழாகிப் போயிருந்தாலும் மண்ணடியில் இருந்த சோதனைத் தாளின் படி கிடைத்தது. அதை வைத்து அந்தக் கடையின் பழைய வேலைகளை யூனிகோடுக்கு மாற்றும் அட்டவணை தயாரானது. மென்பொருள் இல்லாமலே வாசகத்தை மீட்க முடிந்தது அதனால்தான். நனைந்த சிடிக்களை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தார்கள். பெரும்பாலானவை படித்தன. ஃபிளாப்பிகளில் பூஞ்சை ஏறியிருந்தது. அவற்றை டிரைவில் செருகினால் டிரைவின் தலையும் கெடும் என்பதால் செருகவில்லை.

தற்போதைய நிலை

மலரில் நடந்தது போன்ற எழுத்து மாற்றம் அதன்பிறகு அச்சு வரை போகவில்லை. இரண்டு முறை சோதனைத் தாள் கட்டத்திலேயே பிடிபட்டது. மண்ணடி அச்சகம் வேலைச் சீட்டில் உறை எண்ணும் எழுத்துரு எண்ணும் இல்லாத மறுபதிப்பு வேலையை ஏற்பதில்லை. தொடக்கத்தில் மற்ற கடைகளுக்கு இது எரிச்சலைத் தந்தது. அச்சகம் விட்டுக்கொடுக்காததால்தான் பழக்கம் நிலைத்தது என்று சொல்ல வேண்டும். கையேட்டைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்ட காலத்தில் பாதிப்பேர் பயன்படுத்தவில்லை.

முடிந்த வேலைகளைச் சேமிக்கும் முறையும் மாறியது. முன்பு பிடிஎஃப் எடுத்து வைத்தால் போதும் என்று நினைத்தார்கள். பழைய எழுத்துருவில் எடுத்த பிடிஎஃப் பார்க்கச் சரியாக இருக்கும். அதிலிருந்து வாசகத்தை நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். இப்போது மூலக் கோப்பு, எழுத்துரு எண் எழுதிய சிறு உரைக்கோப்பு, அச்சுக்குப் போன பிடிஎஃப், யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்த்த வாசகம் ஆகிய நான்கும் ஒரே கோப்புறையில் வைக்கப்படுகின்றன. யூனிகோடில் புதிதாகச் செய்யும் வேலைகளுக்கு பிடிஎஃப்/ஏ-2யு வடிவம். எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு இணை இருக்க வேண்டும் என்பவை அந்தத் தரத்தின் நிபந்தனைகள்.

மீண்டும் தொடங்கினால் மாற்ற வேண்டியவை

சோதனைத் தாளிலிருந்து தொடங்க வேண்டும். உறை அட்டவணைக்கு உதவி செய்ய டிராய்டும் ப்ரோனமும் இருக்கின்றன. எழுத்துரு அட்டவணைக்கு யாரும் இல்லை. அரிதான அறிவு எதுவோ அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். இந்தக் குழு முதல் சில மாதங்களை உறைகளிலேயே செலவிட்டது.

அச்சுப்படிகளைத் தரைமட்டத்திலிருந்து உயரத்தில், நெகிழி உறையில் வைக்க வேண்டும். விரிதாளின் படி ஒன்று மாதம் ஒருமுறை இணையத்துக்கு வெளியே, வேறு வீட்டில் உள்ள பென்டிரைவுக்குப் போக வேண்டும். எக்ஸ்பி கணினி வேலை செய்யும் நாளிலேயே அதன் ஹார்ட் டிஸ்க்கை முழுப் படிமமாக எடுத்து, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிக் காட்டும் விர்ச்சுவல் பாக்ஸில் ஓடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். லாக் தேவைப்படும் மென்பொருள் அதில் ஓடாமல் போகலாம். அப்படியென்றால் அந்தக் குறியேற்றத்தில் உள்ள வேலைகளை யூனிகோடுக்கு மாற்றுவது வரிசையில் முதலில் வர வேண்டும்.

ராயபுரம் அக்கா மாலை நேரங்களில் உட்கார்ந்து பழைய சிடிக்களைத் திறந்து காட்டி எழுத வைத்ததற்கு முதல் ஆண்டு முழுக்க யாரும் எதுவும் தரவில்லை. இரண்டாம் ஆண்டு முதல் நான்கு கடைகளும் மணிக்கணக்குப்படி பங்கு போட்டுக் கொடுக்கின்றன. இந்த ஏற்பாடு முதல் நாளிலேயே இருந்திருந்தால், இடையில் வேலையை விட்டுப்போன மற்றொரு மூத்த ஆபரேட்டருக்குத் தெரிந்தவையும் கையேட்டில் ஏறியிருக்கும். டாம் குறியேற்றத்தில் அவர் அடித்த பள்ளி மலர்கள் சில, எந்த எழுத்துருப் பதிப்பு என்று தெரியாமல் "கேள்விப்பட்டது" பட்டியலில் இருக்கின்றன. அவருடைய தொடர்பு எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.